பொதியமலை வழிநடை

(ஆடி அமாவாசைக்கு முந்திய நாள் மாலை, தச்சநல்லூரில் அன்பர்கள் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்துவடிவம்)



நாளை விடிந்தால் ஆடி அமாவாசை. உங்களிற் பலர் இன்றிரவே பேருந்தேறிப் பாபநாசம் செல்லவிருக்கின்றீர்கள். சிலர் அதற்கும் மேலே சென்று, காரையாற்றங்கரையில் எழுந்தருளியுள்ள சொரிமுத்து ஐயனாரைத் தரிசிக்கவும் எண்ணியிருப்பீர்கள். முன்னோர்க்கு எள்ளும் நீரும் இறைத்து, பாபநாசநாதரையும் உலகம்மையையும் வணங்கி வருவீர்கள். நாளைக் காலையில் நீங்கள் கையில் ஏந்தப்போகும் நீர் எந்த வழியாக வருகின்றது என்பதைப் பற்றி இன்று பேசலாம் என்று கருதினேன். புராணமாகக் கேட்ட செய்தியை மட்டும் சொல்லப் போவதில்லை. பொதியமலையை நோக்கி இருமுறை நடந்தவன் நான். ஒருமுறை பாதி வழியில் திரும்பினேன். மறுமுறை முடிவரை சென்றேன்.

பொதியமலைக்குப் பழம்பெயர் பொதியில். பொது என்னும் சொல்லும் இல் என்னும் சொல்லும் சேர்ந்து அப்பெயர் ஆயிற்று என்பர். எல்லார்க்கும் பொதுவாகிய மன்றம் என்பது அதன் பொருள். மழைமுகில் பொதிந்து கிடப்பதால் பொதிகை ஆயிற்று என்று கூறுவாரும் உளர். புறநானூற்றின் இரண்டாம் பாட்டிலேயே முரஞ்சியூர் முடிநாகராயர் இமயத்தையும் பொதியத்தையும் ஒருசேர வைத்துச் சேரனை வாழ்த்துகின்றார். ஆய் அண்டிரன் என்னும் வள்ளல் இம்மலைக்கு உரியவனாய் இருந்தான். சைவர்க்கு மட்டும் உரிய மலை என்று எண்ணிவிட வேண்டா. 11-ஆம் நூற்றாண்டில் வீரசோழியம் இயற்றிய புத்தமித்திரனார், அகத்தியர் தமிழைக் கேட்டதே அவலோகிதரிடத்தில் என்று தம் சமயத்தின்வழி நின்று கூறுகின்றார். பொது இல் என்ற பெயர் எத்துணைப் பொருத்தம் பாருங்கள்!

இறைவன் திருமணத்தைக் காண எல்லாரும் கயிலையிற் கூடியதால் வடபால் தாழ்ந்து தென்பால் உயர்ந்தது என்பதும், நிலத்தைச் சமன்செய்ய அகத்தியரை இறைவன் தெற்கே அனுப்பினான் என்பதும் நீங்கள் குழந்தைப் பருவத்திலேயே கேட்ட கதை. திருமணத்தைக் காணக் கொடுத்துவைக்கவில்லையே என்று வருந்திய முனிவர்க்கு அக்காட்சியைப் பாபநாசத்திலே காட்டியருளினான் என்பது தலவரலாறு. அருவிக்கு மேலுள்ள துறைக்குக் கல்யாண தீர்த்தம் என்று பெயர் வந்தது அதனாலன்றோ! இக்கதையில் நான் பெரிதும் மதிப்பது ஒன்று உண்டு. எல்லாரும் முண்டியடித்துச் சென்ற இடத்துக்குச் செல்லாமல், அனுப்பிய இடத்திலே நின்றவர்க்குத் தனியே காட்சி கிடைத்தது. இதை இளமையில் நான் பலமுறை மேடையிற் சொல்லியிருக்கின்றேன். பொருள் விளங்கிச் சொன்னேனா என்றால், இல்லை.

உங்கள்முன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். புலவர் வகுப்புத் தேறி, தமிழாசிரியனாகப் பணியில் அமர்ந்தபோது எனக்கு அகவை 24. பொதியமலையைப் பற்றி ஒருமணி நேரம் மூச்சுவிடாமற் பேசுவேன். தென்றல் பிறக்கும் மலை, சந்தனம் விளையும் மலை, தமிழ் வளர்ந்த மலை என்றெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்வேன். விடர், விடரகம் என்னும் சொற்கள் சங்கச் செய்யுளில் வந்தால் மலைப்பிளப்பு என்று பொருளெழுதி, அடுத்த சொல்லுக்குப் போய்விடுவேன். ஒருநாள் கடைசி வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, நீங்கள் பொதியமலைக்குப் போயிருக்கின்றீர்களா?” என்று கேட்டான். வகுப்பு முழுவதும் என் முகத்தைப் பார்த்தது. தச்சநல்லூரில் பிறந்து, மேற்கே அந்த மலைத்தொடரைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவன் நான். அதனுள் ஒரு காலும் வைத்ததில்லை.

அந்த ஆண்டுச் சித்திரையில், அதாவது 1974-இல், புறப்பட்டோம். என்னினும் 20 ஆண்டு மூத்த தமிழாசிரியர் ஒருவர், உறவினர் ஒருவர், நான் ஆக மூவர். அந்நாளிலேயே முண்டந்துறை வனவிலங்குப் புகலிடமாக இருந்தது. 1962-இல் அவ்வாறு அறிவித்திருந்தனர். எழுத்துமூலமான அனுமதி பெற்றே சென்றோம்.

முதல்நாள் பாபநாசத்தில் நீராடி, படிகளேறிக் கல்யாண தீர்த்தம் சென்றோம். பாறையின் இடுக்கிலே நீர் இறுகித் திரண்டு, கீழே அகத்தியர் அருவியாய் விழுவதற்குமுன் சற்றே அமைதி கொள்ளும் இடம் அது. அமைதி என்பது மேற்பரப்பில் மட்டுந்தான். அங்கே ஒரு பாறையில் அமர்ந்து, மூத்த ஆசிரியர் வ.வே.சு. ஐயரின் முடிவைக் கூறினார். சேரன்மாதேவியிலே குருகுலம் நடத்திய அப்பெருமகனார், திருக்குறளை ஆங்கிலத்தில் தந்தவர், கம்பனை உலகப் பெருங்கவிஞர்களோடு ஒப்புநோக்கி ஆராய்ந்தவர். 1925 ஜூன் மாதத்தில் குருகுலப் பிள்ளைகளோடு இங்கு வந்திருந்தபோது அவர் மகள் சுபத்திரை நீரில் அகப்பட்டுக்கொண்டாள். மகளைக் காப்பாற்றக் குதித்தார் தந்தை. இருவரும் மீளவில்லை. அயல்நாட்டில் ஒற்றர் கண்ணில் மண்ணைத் தூவித் தப்பிவந்த வீரரை, நம் ஊர் ஆற்றின் ஒரு முழ அகல இடுக்கு விழுங்கிக்கொண்டது. கேட்டு நான் கண்கலங்கினேன். ஆனால் ஒரு நூலின் துன்பியல் முடிவைப் படித்துக் கலங்குவதுபோலத்தான் கலங்கினேன். அந்த நீர் என்னையும் விழுங்கக்கூடும் என்ற நினைவு எழவில்லை.

அன்றிரவு காரையாற்றில் தங்கினோம். மறுநாள் படகு. 143 அடி உயரமுள்ள பாபநாசம் மேலணை தேக்கிவைத்த நீர்ப்பரப்பின்மேல் படகு செல்லச் செல்ல, இருபுறமும் மலைகள் நெருங்கிவந்தன. ஏரியின் கடைக்கோடியில், காட்டைப் பிளந்துகொண்டு பாணதீர்த்தம் விழுந்துகொண்டிருந்தது. கோடையாதலின் நீர் குறைவு. ஆயினும் அதன் ஓசை படகின் பலகையிலே அதிர்வாய்த் தெரிந்தது.

அங்கிருந்துதான் உண்மையான வழிநடை. காணிப் பழங்குடியினர் ஒருவர் எங்களுக்கு வழிகாட்டியாக வந்தார். ஐம்பது அகவை இருக்கும். இடுப்பில் ஒரு வெட்டுக்கத்தி, தோளில் ஒரு சாக்கு. செருப்பு இல்லை. அருவியின் பக்கத்தே செங்குத்தாய் ஏறி, அதன் தலைப்பக்கத்தை அடைந்தால் ஆறு மலையிடுக்கினுள் புகுந்து கிடக்கின்றது. ஒருபுறம் கரும்பாறைச் சுவர், மறுபுறம் வேர்கள் தொங்கும் சரிவு. வெயில் உச்சிப்பொழுதில் சிறிது நேரமே உள்ளே இறங்கும். அங்கு நின்றபோதுதான் விடரகம் என்ற சொல்லுக்கு நான் எழுதிவந்த பொருள் எத்துணை வறிது என்று உணர்ந்தேன். மலைப்பிளப்பு என்பது இடத்தைச் சொல்லும். விடரகம் என்பதில் வரும் அகம், அங்கே நிற்பவனின் அச்சத்தையும் சொல்லும். அது இலக்கணத்துக்கு ஒத்த விளக்கமா என்று என் ஆசிரியர் கேட்டிருந்தால் விழித்திருப்பேன், ஆயினும் சொல்லிவிட்டேன்.

இஞ்சிக்குழி என்னும் காணிக் குடியிருப்பில் இரவு தங்கி, மூன்றாம் நாள் கன்னிகட்டியை நோக்கி நடந்தோம். அதற்கும் அப்பால் பூங்குளம். பொருநை தோன்றும் இடம். அன்று நண்பகலுக்குச் சற்றுப் பின்னர் ஓடை ஒன்றைக் கடக்க வேண்டியிருந்தது. முழங்கால் அளவு நீர். பளிங்கு போன்ற தெளிவு. அடியிலுள்ள கூழாங்கற்களை எண்ணலாம். தாண்டிச்செல்வதற்கு வரிசையாகப் பாறைகளும் இருந்தன. நான் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டேன்.

காணிப் பெரியவர் கரையிலேயே நின்றார். குனிந்து நீரைப் பார்த்தார். இரண்டு பச்சை இலைகள் மிதந்துவந்தன. பின்னர் ஒரு சிறு கொம்பு, முறிந்த இடம் இன்னும் வெளுப்பாக. “சாமி, பச்சை எலை வருது. மேல மழை. இனி அக்கரை வேண்டாம்” என்றார்.

அண்ணாந்து பார்த்தேன். தலைக்குமேல் தெரிந்த வானத்துண்டு நீலமாக இருந்தது. ஒரு முகிலும் இல்லை. எனக்குச் சினம் வந்தது. இன்னும் ஒரு பகல் நடந்தால் பூங்குளம். இலை விழாத காடு உண்டா என்று வாதாடினேன். முனிவர் வாழும் மலையில் மழைக்கு அஞ்சுவதா என்றேன். அவர் மறுமொழியே கூறவில்லை. சாக்கை இறக்கி வைத்துவிட்டு, ஓடைக்கு எட்டத்தில் இருந்த ஒரு மேட்டுப்பாறையில் ஏறி உட்கார்ந்துகொண்டார். மூத்த ஆசிரியர் என் தோளைத் தொட்டு, “தம்பி, இந்த மலைக்கு அவர்தாம் உரைகாரர். வா” என்றார்.

ஒரு நாழிகைகூட ஆகவில்லை. முதலில் ஓசை மாறியது. கற்கள் ஒன்றோடொன்று உரசும் ஓர் உறுமல். பிறகு நீர் சாயம்போட்டதுபோல் செம்பழுப்பாயிற்று. பின்னர் அது வந்தது. வெள்ளம் பெருகியது என்று சொன்னால் படிப்படியாக ஏறியதாக நினைப்பீர்கள். அவ்வாறன்று, மதில் ஒன்று நடந்துவந்ததுபோல் வந்தது. நான் காலெடுத்து வைக்கவிருந்த பாறைகள் அடுத்த கணம் இல்லை. ஒரு முழுமரம் வேரோடு சுழன்று சென்றது. எதிரே பேசுபவர் குரல் கேட்கவில்லை. நான் காணிப் பெரியவரைப் பார்த்தேன். அவர் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

அன்றிரவை ஒரு பாறைத் தாழ்வாரத்தின்கீழ்க் கழித்து, நீர் வடிந்தபின் இறங்கிவந்தோம். வரும் வழியில் கல்யாண தீர்த்தத்தில் மறுபடியும் நின்றோம். ஐயரும் சுபத்திரையும் எனக்கு அப்போது நூலில் வரும் மாந்தராக இல்லை. என் கால்கள் நடுங்கியதால் நான் பாறையின் விளிம்புக்கே செல்லவில்லை.

பள்ளி திறந்ததும் அந்த மாணவனைக் கூப்பிட்டு, “போனேன், ஆனால் சென்று சேரவில்லை” என்றேன். “ஏன் ஐயா?” என்றான். “ஓர் இலையைப் படிக்கத் தெரியாததால்” என்றேன். அவனுக்கு அது விளங்கியதோ, இல்லையோ!

காணி மக்களைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். 1987 டிசம்பரில் கேரளப் பகுதியில் தாவரவியல் அறிஞர் சிலர் இம்மலைத்தொடரில் ஏறியபோது, தாங்கள் களைத்து வீழ்ந்த இடத்திலும் வழிகாட்டிகள் களைப்பின்றி நடப்பதைக் கண்டனர். அவர்கள் ஒரு செடியின் சிறு கனிகளைத் தின்றுகொண்டே நடந்தனராம். அச்செடிதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து மருந்து ஒன்று உருவாகி, 1995-இல் ஒரு மருந்துச்சாலைக்கு உரிமம் அளிக்கப்பட்டது. வருவாயில் ஒரு பங்கு அம்மக்களுக்கே சேரவேண்டும் என்று 1997-இல் அறக்கட்டளையும் அமைந்தது. அகத்தியரைச் சித்த மருத்துவத்தின் தலைவர் என்று போற்றுகின்றோம். அவருடைய மலையில் அந்த மருத்துவத்தைக் கையில் வைத்திருப்போர் காலில் செருப்பின்றி நமக்கு முன்னே நடந்துகொண்டிருக்கின்றனர்.

மூத்த ஆசிரியர் 1998-இல் சிவப்பேறு எய்தினார். இறுதி நாட்களில், “நீயாவது உச்சியைப் பார்த்துவிட்டு வா” என்றார். ஆகவே 2001-ஆம் ஆண்டு தை மாதத்தில் மீண்டும் புறப்பட்டேன். அகவை 51. இம்முறை கேரள வனத்துறை ஆண்டுதோறும் தை, மாசி மாதங்களையொட்டி அனுமதிக்கும் வழி. முடியின் உயரம் 1868 மீட்டர். அது திருவனந்தபுரம் மாவட்ட எல்லையில் இருக்கின்றது. போணக்காட்டிலிருந்து நடந்து, முதல்நாள் அதிருமலை முகாமில் தங்கி, மறுநாள் உச்சி சென்று, மூன்றாம் நாள் இறங்க வேண்டும்.

அவ்வழியிலுள்ள இடப்பெயர்களே ஒரு தமிழாசிரியனுக்குப் போதும். அட்டையாறு என்று ஓர் ஓடை. பெயருக்கேற்ப அட்டைகள் காலைத் தேடிவரும். ஏழுமடக்கன் தேரி என்பது ஏழு வளைவுகளாய் மடிந்து ஏறும் சரிவு. முட்டிடிச்சான் தேரி என்றொன்று. ஏறும்போது முழங்கால் எதிரேயுள்ள மண்ணில் முட்டும், அவ்வளவு செங்குத்து. தேரி என்றால் நமக்குச் சாத்தான்குளம், குதிரைமொழிப் பக்கத்துச் செம்மணல் மேடு. மலைக்கு அப்பால் அதே சொல் மலைச்சரிவைக் குறிக்கின்றது. ஒரு சொல் மலையைத் தாண்டிச் சென்று, மணலை விட்டுவிட்டு மேட்டை மட்டும் வைத்துக்கொண்டது. இதை எண்ணிக்கொண்டே ஏறினேன். மூச்சிரைப்பு சிறிது மறந்தது.

பொங்கலாப்பாறைக்கு மேல் மரங்கள் குட்டையாகிப் பின் இல்லாமலே போகின்றன. வழுக்குப்பாறையில் கயிற்றைப் பற்றித்தான் ஏற வேண்டும். காற்று ஆளைத் தள்ளுகின்றது. இந்த உச்சியில்தான் 1855-ஆம் ஆண்டில் திருவனந்தபுரம் வானாய்வுக்கூடத்தின் தலைவராயிருந்த ஜான் ஆலன் பிரௌன் என்பார் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்துக் காற்றையும் காந்தப்புலத்தையும் அளந்தார். கருவிகளைச் சுமந்து ஏறிய தோள்கள் யாருடையவை என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

உச்சியில் அகத்தியர் திருவுருவம் எளிய கற்சிலையாக இருக்கின்றது. கோபுரம் இல்லை, விமானம் இல்லை; முகிலே கூரை. நான் சென்றபோது முழுவதும் வெண்முகில். கைக்கெட்டும் தொலைவில் நின்றவர் முகம் தெரியவில்லை. கால்நூற்றாண்டாகப் பேசிவந்த மலையின் தலையில் நின்று ஒன்றும் காணாதவனாய் நின்றேன். சற்றுநேரத்தில் கிழக்கே முகில் ஒருமுறை விலகியது. கரும்பச்சைக் காடு கீழே கீழே இறங்கிச் செல்ல, அதன் கடைசியில் நீர் ஒன்று மின்னியது. “அது உங்கள் காரையாற்று அணை” என்றார் உடன்வந்தவர். அந்த நீருக்கும் எனக்கும் நடுவே, இருண்ட கீற்றாகத் தெரிந்த மலையிடுக்கில் எங்கோ ஓரிடத்தில்தான் 1974-இல் ஒரு பெரியவர் பாறைமேல் உட்கார்ந்து என் உயிரைக் காத்தார். முனிவர் திருவுருவத்துக்கு என்று கொண்டுசென்ற கும்பிடு அந்தத் திசைக்குத்தான் சென்றது. முகில் மூடிக்கொண்டது.

அப்பயணத்தில் என் மனைவி வரவில்லை. வர விரும்பியவள்தான். அந்நாளில் அவ்வழியில் மகளிரை விடுவதில்லை. 2018 நவம்பரில் கேரள உயர்நீதிமன்றம் அத்தடை கூடாது என்று தீர்ப்பளித்து, 2019 ஜனவரியில் மகளிரும் ஏறினர். காணி மக்களிற் சிலர் தங்கள் வழிபாட்டு மரபைக் கூறி வருந்தியதும் உண்டு. அவர்கள் வருத்தத்தை நான் எள்ளமாட்டேன். ஆயினும் உலோபாமுத்திரையோடு வாழ்ந்த முனிவர் பெண்ணொருத்தி வந்து வணங்கினால் முகஞ்சுளிப்பார் என்பதை என் சிற்றறிவு ஏற்கவில்லை. செய்தித்தாளில் அதைப் படித்துக்காட்டியபோது என் மனைவி, “நல்லதுங்க. வழி திறந்தபோது என் முழங்கால் சாத்திக்கிட்டது” என்று கூறிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இனி, பலர் என்னிடம் கேட்கும் வினா. பாபநாசத்திலிருந்து பாணதீர்த்தம் வழியாகப் பூங்குளம் செல்லும் பழைய வழியில் இப்போது ஏன் நினைத்தபோது செல்ல முடிவதில்லை? நானும் ஒருகாலத்தில் அவ்வழியைத் திறக்க வேண்டும் என்று விண்ணப்பம் எழுதியவனே. 1988-இல் களக்காடும் முண்டந்துறையும் சேர்ந்து புலிகள் காப்பகமாயின. 2016-இல் அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தை யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பட்டியலில் சேர்த்தது. இவையெல்லாம் அரசின் செய்திகள் என்று ஒதுக்கியிருந்தேன். பின்னர் ஒருநாள் நெல்லையப்பர் சந்நிதியில் நின்றபோது ஓர் எண்ணம் தோன்றியது. கருவறைக்குள் சென்று நிற்க வேண்டும் என்று நாம் யாரும் கேட்பதில்லை. அர்த்தமண்டபத்துக்கு வெளியே நின்று, தீபம் காட்டும்போது கண்டதே போதும் என்று நிறைவோடு திரும்புகின்றோம். பொருநையின் கருவறை பூங்குளம். அங்குள்ள வேரும் சருகும் புல்லும் இரு பருவ மழையையும் உறிஞ்சி வைத்துக்கொண்டு, சிறிது சிறிதாகக் கசியவிடுகின்றன. அதனால்தான் கோடையிலும் ஆற்றில் நீர் இருக்கின்றது. ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலில் கடலைச் சேரும்வரை எட்டு அணைக்கட்டுகளின் கால்வாய்கள் வயலுக்குப் பாய்கின்றன. சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து வரும் நெல்லைக் கால்வாயின் நீரில் விளைந்த நெல்லை உண்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தக் காட்டில் ஆண்டுக்கு ஆயிரமாயிரம் பேர் அடுப்பு மூட்டினால் என்ன ஆகும் என்று எண்ணினேன். அதற்குமேல் விண்ணப்பம் எழுதவில்லை.

ஆறு நம்மை நோக்கி எழுந்துவந்த நாட்களும் உண்டு. 1992 நவம்பர் வெள்ளத்தை உங்களில் முதியோர் மறந்திருக்க மாட்டீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது; நம் சந்திப்புப் பேருந்து நிலையம் குளமாயிற்று; குறுக்குத்துறை முருகன் கோயிலை வெள்ளம் மூடியது. காணிப் பெரியவர் பார்த்த பச்சை இலை அந்நாளில் நம் தெருவிலேயே மிதந்தது. ஆகவே நாளைச் செல்வோர்க்கு ஒரு முதியவனாய்ச் சொல்கின்றேன். தலைக்குமேல் வானம் வெளுத்திருக்கின்றதே என்று நம்ப வேண்டா. நீர் நிறம் மாறினாலும், ஓசை மாறினாலும், இலையும் கொம்பும் மிதந்துவந்தாலும் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு படியேறிவிடுங்கள். காவலர் விசிலடித்தால், தர்ப்பணம் பாதியில் நிற்கின்றதே என்று தயங்க வேண்டா. முன்னோர் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு, சொல்வதற்கு எனக்கே கூச்சமாக இருக்கின்றது. 1974-இல் உயிர்தப்பி வந்ததும், தோஷம் கழிய உடுத்த துணியை ஆற்றில் விடச் சொன்னார் என் அன்னையார். பாபநாசத்தில் வேட்டியை விட்டுவிட்டு வந்தேன். அது பருத்தி, மட்கியிருக்கும். இன்று விடப்படும் துணிகள் மட்குவதில்லை. பாறையிடுக்கில் சுற்றிக்கொண்டு, மீனுக்கும் நீராடுவோர் காலுக்கும் வலையாகின்றன. தன்னார்வலர்கள் அவற்றை டன் கணக்கில் அள்ளியிருக்கின்றனர். உயிர்காத்த ஆற்றுக்கு நான் கைம்மாறாகக் கொடுத்தது என் அழுக்குத் துணியை என்பதை எண்ணினால் இன்றும் மனம் கூசுகின்றது. பாவத்தைக் கழிக்கத் துணியை விடுங்கள் என்று எந்தப் பழைய நூலிலும் நான் படித்ததில்லை. நல்ல துணியாக இருந்தால் கரையில் இருக்கும் ஏழைக்குக் கொடுங்கள்.

2001 பயணத்தில் நடந்த ஒன்றைச் சொல்லி அமைகின்றேன். வரமுடியாத என் மனைவி ஒரு சிறு செம்பைக் கொடுத்து, “பொருநை பிறக்கிற தண்ணியை இதுல கொண்டுவாங்க” என்று சொல்லியிருந்தாள். இறங்கும்போது அட்டையாற்றில் அதை நிரப்பி, வாயைத் துணியால் கட்டிப் பெருமையோடு எடுத்துக்கொண்டேன். போணக்காட்டை நெருங்கும்போது, வழிகாட்டியாக வந்த காணி இளைஞர் அது என்ன என்று கேட்டார். தாமிரபரணி நீர் என்றேன். அவர் சிரித்துவிட்டார். அது மேற்கே ஓடும் நீர். கரமனையாற்றில் கலந்து திருவனந்தபுரத்துப் பக்கம் கடலுக்குப் போவது என்றார். பொருநை மலையின் மறுபக்கமல்லவா! தமிழ்ப்பண்டிதனுக்கு இரண்டாம் முறையாக அதே மலையில், அதே குடியினரிடத்தில் பாடம்.

வீட்டுக்கு வந்து தலைகுனிந்து செய்தியைச் சொன்னேன். என் மனைவி செம்பை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “கிழக்க போனா என்ன, மேற்க போனா என்ன? மலை ஒண்ணுதானே” என்று கூறிப் பூசையறையில் வைத்துவிட்டாள். அந்நீர் என்றோ வற்றிவிட்டது. செம்பு இருக்கின்றது. ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் பாபநாசத்துப் படித்துறையில் அதை நிரப்பிவருவது இப்போது எங்கள் பேத்தியின் வேலை. நாளைக்கும் முதல் பேருந்தில் செல்கின்றாள். நீரில் இலை மிதக்கின்றதா என்று பார்த்துவிட்டு இறங்கும்படி சொல்லியிருக்கின்றேன்.

திருச்சிற்றம்பலம்.